தண்ணீருக்காகப் போர் வருமா? சேலத்தில் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும்

நான் வளர்ந்தது மேட்டூரில். இப்போது சேலத்தில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் சொல்லித் தருகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, அஸ்தம்பட்டியில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் பத்துப் பதினைந்து பேர் கூடி, போரும் சமாதானமும் பற்றி வெளிவரும் ஆய்வுக் கட்டுரைகளைத் தமிழில் பேசிப் படிக்கிறோம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மேட்டூர் கிழக்குக் கரை வாய்க்கால் பாசன விவசாயி ஒருவர், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் எல்லோரும் வருவார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் தண்ணீரில்தான் வந்து நிற்கும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

அடுத்த உலகப் போர் தண்ணீருக்காகத்தான் வரும் என்கிறார்களே, உண்மையா?

இதை மேடைகளில் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். ஆனால் எண்ணிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை வேறு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரன் உல்ஃப் என்ற புவியியல் பேராசிரியரும் அவர் குழுவும் 1948 முதல் 1999 வரை, ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் ஓடும் ஆறுகள் தொடர்பாக அரசுகளுக்கு இடையே நடந்த எல்லாவற்றையும் தொகுத்தார்கள். மொத்தம் 1,831 நிகழ்வுகள். அவற்றில் 1,228 ஒத்துழைப்பு, 507 பிணக்கு, மீதி இரண்டிலும் சேராதவை. ஆயுதத்தைத் தொட்ட கடுமையான சம்பவங்கள் 37 மட்டுமே. அந்த 37லும் 30, இஸ்ரேலுக்கும் அதன் அண்டை நாடுகளுக்கும் இடையே நடந்தவை. இதே காலத்தில் சுமார் 150 நீர் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியிருக்கின்றன.

தண்ணீருக்காகவே இரண்டு அரசுகள் முழுப் போர் செய்தது என்று உல்ஃப் காட்டுவது ஒன்றே ஒன்றைத்தான். ஏறக்குறைய 4,500 வருடங்களுக்கு முன்பு, இன்றைய ஈராக்கில் லகாஷ், உம்மா என்ற இரண்டு நகர அரசுகளுக்கு இடையே நடந்தது அது. அதில் லகாஷ் பெற்ற வெற்றியைச் செதுக்கிய கல், உடைந்த துண்டுகளாகப் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வயலில் பிணங்கள், மேலே கழுகுகள்.

முதல் தடவை இந்த எண்களைப் படித்தபோது என்னால் நம்ப முடியவில்லை. காவிரிச் செய்தியோடு வளர்ந்தவன் எப்படி நம்புவான்? திரும்பத் திரும்பப் படித்த பிறகுதான், அந்தக் கணக்கு எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பது பிடிபட்டது. கீழே வரும் பதில்களில் பாதி அதைப் பற்றியதுதான்.

இதையெல்லாம் எப்படி எண்ண முடியும்? ஒரு மந்திரி கோபமாகப் பேசியதும் ஒரு நிகழ்வா?

ஆமாம், அதுவும் ஒரு நிகழ்வுதான். செய்திகளையும் ஆவணங்களையும் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் போட்டார்கள். கழித்தல் 7 என்றால் முறைப்படி அறிவித்த போர். கூட்டல் 7 என்றால் இரண்டு நாடுகளும் விரும்பி ஒன்றாக இணைவது. நடுவில் பூஜ்யம். கோபமான அறிக்கை கழித்தல் பக்கத்தில் சின்ன எண், ஒப்பந்தம் கூட்டல் பக்கத்தில் பெரிய எண். மதிப்பெண் போடுவதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வராதா என்று ஒரு மாணவி கேட்டாள். வரும். அதனால்தான் விதிகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு போடுகிறார்கள், தரவையும் வெளியே வைக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் திறந்து சரிபார்க்கலாம்.

அப்படியானால் உலகத்தில் சண்டை குறைந்துவிட்டதா?

இல்லை. ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகளாக மோதல்களை எண்ணி வருகிறது. ஒரு அரசாவது ஒரு தரப்பாக இருந்து, ஒரே ஆண்டில் சண்டையில் 25 பேராவது இறந்தால் அது ஆயுத மோதல். 1,000 பேரைத் தொட்டால் போர். இந்தக் கணக்குப்படி 2024ல் 61 மோதல்கள் நடந்தன. 1946க்குப் பிறகு அதுவரை எந்த ஆண்டிலும் இவ்வளவு இருந்ததில்லை. தண்ணீருக்காக நாடுகள் போரிடுவது அரிது என்பதும், போர்கள் கூடிவிட்டன என்பதும் ஒரே நேரத்தில் உண்மை.

தண்ணீர் குறைந்தால் சண்டை கூடும். இதற்கு ஆராய்ச்சி வேறு வேண்டுமா?

வாய்க்கால் பாசனக்காரர் கேட்ட கேள்வி இது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு முடிவு இதற்குப் பதிலாக இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

உல்ஃப் குழு வறண்ட ஆற்றுப் படுகைகளையும் செழிப்பானவற்றையும் ஒப்பிட்டது. வறட்சி மட்டும் இருந்தால் பிணக்கு கூடும் என்று சொல்ல முடியவில்லை. மக்கள்தொகை நெருக்கம், ஏழ்மை என்று தனித்தனியாக எதை வைத்துப் பார்த்தாலும் தொடர்பு பலவீனமாகவே இருந்தது. 2003ல் அவர்கள் வந்து சேர்ந்த கருத்து இது: ஆற்றில் ஒரு மாற்றம் வேகமாக நடக்கிறது, அதைத் தாங்கிப் பேசித் தீர்க்கும் ஏற்பாடு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்றால் அங்கேதான் ஆபத்து. மாற்றம் என்றால் பெரும்பாலும் மேலே ஒருவர் தன்னிச்சையாக ஒரு பெரிய அணையைக் கட்டுவது, அல்லது ஒரே ஆட்சியின் கீழ் இருந்த ஆறு திடீரென்று இரண்டு நாடுகளுக்குப் பிரிந்துபோவது.

இதை நம் ஊர் ஏரிப் பாசனத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் எப்போதும் குறைவாகவே வரும் ஏரியில் முறைத் தண்ணீர் இருக்கும். இந்த மடைக்கு எத்தனை நாழிகை, கடைமடைக்கு எந்த ராத்திரி என்று எல்லாருக்கும் தெரியும். குறைவு அங்கே பழகிப்போன விஷயம். ஒரு நாள் ஒருவர் மேலே புதிதாக ஒரு மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார், அதைப் பேச யாரும் இல்லை என்றால்தான் மண்வெட்டியோடு கிளம்புகிறார்கள்.

நைல் நதியில் எத்தியோப்பியா 2011ல் கட்டத் தொடங்கி 2025 செப்டம்பரில் திறந்த பெரிய அணையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அதன் கொள்ளளவு 74 பில்லியன் கன மீட்டர். மேட்டூர் அணையின் 93.47 டி.எம்.சி.யோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 28 மேட்டூர். கீழே இருக்கும் எகிப்து குடிப்பதற்கும் பயிருக்கும் கிட்டத்தட்ட முழுவதும் நைலையே நம்பியிருக்கிறது. பதினான்கு வருடம் கடும் வார்த்தைகள் பறந்தன, பேச்சுவார்த்தைகள் முறிந்தன, ஐ.நா. பாதுகாப்பு சபை வரை போனது. படை மோதல் வரவில்லை. எல்லாரும் ஒப்புக்கொண்ட விதி இன்னும் எழுதப்படவும் இல்லை. அடுத்த நீண்ட வறட்சியில் அணையிலிருந்து எவ்வளவு விடுவது என்பதுதான் அங்கே உண்மையான கேள்வி.

இரண்டு பக்கமும் நஷ்டம் என்று தெரிந்தே ஏன் போருக்குப் போகிறார்கள்?

ஜேம்ஸ் ஃபியரன் என்ற அமெரிக்க அரசியல் அறிவியலாளர் 1995ல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் எல்லாரும் படித்தே ஆக வேண்டியது. போரில் கிடைப்பதைச் செலவில்லாமல் பேசியே பிரித்துக்கொள்ள முடியுமே, ஏன் முடிவதில்லை என்று அவர் கேட்டார். அவர் சொன்ன காரணங்களில் இரண்டு முக்கியம். ஒன்று, தன் பலம் என்ன, எதுவரை விட்டுக்கொடுப்பேன் என்பதை இரு பக்கமும் மறைப்பது. மற்றொன்று, இன்று கொடுத்த வாக்கை நாளை காப்பாற்றுவார்கள் என்று நம்ப முடியாமல் போவது.

இரண்டாவதை ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர் சட்டென்று பிடித்துக்கொண்டார். மலையில் ஒரே ஓடைக்கு மேலேயும் கீழேயும் இரண்டு தோட்டம். மேலே இருப்பவர், "நான் தடுப்பணை கட்டினாலும் உங்களுக்கு வர வேண்டியது வரும்" என்கிறார். அவர் நல்லவராகவே இருக்கட்டும். கட்டி முடித்த பிறகு வால்வு அவர் கையில். நாளைக்கு அவர் மகன் காலத்தில்? அதனால் கீழே இருப்பவர், கட்டுவதற்கு முன்பே சண்டை போடுவது மேல் என்று நினைக்கிறார். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லாமலே தகராறு பிறந்துவிடுகிறது. வாக்கைக் கட்டிவைக்க மூன்றாவது கை வேண்டியிருக்கிறது. ஊருக்குள் பஞ்சாயத்தோ நீதிமன்றமோ இருக்கும். நாடுகளுக்கு மேலே அப்படி ஒன்று இல்லை.

காவிரியை இந்த ஆய்வுகள் எப்படிப் பார்க்கின்றன?

உல்ஃப் கணக்கில் காவிரி வராது. அவர் எண்ணியது நாடுகளுக்கு இடையேயான ஆறுகளை. இது சாதாரண விடுபடல் என்று நான் நினைக்கவில்லை. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் 205 டி.எம்.சி. இடைக்காலத் தீர்ப்பைத் தொடர்ந்து கர்நாடகத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டு ஊரை விட்டு ஓடி வந்தார்கள். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தன. இதெல்லாம் சர்வதேசப் பட்டியலில் ஒரு வரியாகக்கூட இல்லை. நாட்டுக்குள் நடக்கும் தண்ணீர்ச் சண்டைதான் நாடுகளுக்கு இடையே நடப்பதை விட அதிகம் என்று ஸ்காட் மூர் என்ற ஆய்வாளர் 2018ல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அதிகாரம் மாநிலங்களுக்குப் பிரிந்திருக்கும்போது, 'நம்ம தண்ணீர்' என்ற உணர்வை அரசியல் தலைவர்கள் தூண்டுவது எளிதாகிறது என்பது அவர் விளக்கம். நமக்கு இதை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் காவிரியின் நீண்ட கதையில் ஏற்பாடுகள் பிறந்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் 1924ல் கையெழுத்திட்ட பிறகுதான் மேட்டூர் அணை வேலை தொடங்கி 1934ல் முடிந்தது. 1990ல் நடுவர் மன்றம் வந்தது. 2007 இறுதித் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. என்றார்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 404.25 ஆக்கியது. மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் அளந்து கர்நாடகம் விட வேண்டியது 192லிருந்து 177.25 ஆகக் குறைந்தது. அதே ஆண்டு ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைந்தது.

மழை பெய்யாத வருடத்தில்தான் இன்றும் இடறல். பற்றாக்குறை என்றால் பங்குகளின் விகிதப்படி எல்லாருக்கும் குறைத்துக்கொடு என்பது தீர்ப்பு. பற்றாக்குறை எப்போது தொடங்கியது, எந்த மாதத்தில் எவ்வளவு குறைப்பது என்பதில் ஒவ்வொரு தடவையும் புதிதாக மல்லுக்கட்டுகிறார்கள். டிர், ஸ்டின்னெட் என்ற இருவர் 2012ல் செய்த ஆய்வு நாடுகளுக்கு இடையேயான ஒப்பந்தங்களைப் பற்றியது. கூட்டாக அளவிடுதல், தகராறு தீர்க்கும் வழி, மீறினால் நடவடிக்கை, பொதுவான ஒரு அமைப்பிடம் பொறுப்பு ஆகியவை எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் தண்ணீர் நெருக்கடியிலும் பிணக்கைக் குறைக்கின்றன என்று அவர்கள் கண்டார்கள். வெறும் பங்கு எண்ணை மட்டும் எழுதிய காகிதம் மழை உள்ள வருடத்தில்தான் நிற்கும்.

ஒப்பந்தம் போட்டால் ஒத்துழைப்பு. ஒத்துழைப்பு என்றால் நியாயம்தானே?

இல்லை. மார்க் ஜைத்தூன், ஜெரோன் வார்னர் இருவரும் 2006ல் இந்த இடத்தில்தான் கை வைத்தார்கள். ஒரு படுகையில் பலமான நாடு இருந்தால் மற்றவர்கள் சத்தம் போடாமல் கையெழுத்திட்டுவிடுவார்கள், கணக்கில் அது ஒத்துழைப்பு என்று ஏறிவிடும், அமைதிக்குப் பின்னால் யார் எதை இழந்தார்கள் என்று பாருங்கள் என்றார்கள். எகிப்து நைலின் கீழ்க்கோடியில் இருந்தும் பல காலம் மேலே இருந்தவர்களைக் கட்டி வைத்திருந்தது. ஆகவே மேலே இருப்பவருக்குத்தான் பலம் என்றும் சொல்லிவிட முடியாது.

இதைப் படித்த அன்று மாடியில் வெகுநேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பெரியவர் ஒருவர் மேட்டூரில் மூழ்கிய ஊர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அணையில் நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடியில் பழைய கோவிலின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் போகும். 1924 ஒப்பந்தம் இரண்டு அரசுகளுக்கு இடையே நல்ல ஒத்துழைப்புதான். அந்த ஊர்க்காரர்களிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

இது மாவட்டத்துக்குள்ளேயும் நடக்குமா?

நடக்கிறது. மேட்டூரின் உபரி நீரை ஏற்றி, சரபங்கா படுகையில் இருக்கும் 100 வறண்ட ஏரிகளுக்குக் கொடுக்கும் 565 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2020ல் அடிக்கல் நாட்டினார்கள். எடப்பாடி, ஓமலூர்ப் பக்கத்து விவசாயிக்கு அது பல தலைமுறைக் கனவு. டெல்டா விவசாயிகள் எதிர்த்தார்கள். உபரி என்பது எது, யார் முடிவு செய்வது என்று கேட்டார்கள். கர்நாடகத்தைப் பார்த்து நாம் கேட்கும் அதே கேள்வியைத் தஞ்சாவூர் நம்மைப் பார்த்துக் கேட்டது. இரண்டு பக்கத்து விவசாயிகளிடமும் பேசியிருக்கிறேன். இருவருமே நியாயத்தைத்தான் பேசுகிறார்கள்.

சிரியாவில் வறட்சியால்தான் உள்நாட்டுப் போர் வந்தது என்று படித்தேன். பருவநிலை மாற்றம் போரைக் கொண்டுவருமா?

2015ல் வந்த ஒரு கட்டுரை 2007 முதல் 2010 வரையிலான வறட்சி, அதனால் நகரங்களுக்கு இடம்பெயர்வு, பிறகு 2011 கிளர்ச்சி என்று சங்கிலி போட்டது. உலகம் முழுக்கப் பத்திரிகைகள் எடுத்துப் போட்டன. 2017ல் ஜான் செல்பியும் மற்றவர்களும் அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் இழுத்துப் பார்த்து, ஆதாரம் போதவில்லை என்று எழுதினார்கள். வறட்சி உண்மை. இடம்பெயர்ந்தவர்கள்தான் கிளர்ச்சியைத் தொடங்கினார்கள் என்பதற்குத்தான் சான்று மெலிவு.

2019ல் ஒரு நல்ல முயற்சி நடந்தது. தங்களுக்குள் ஒத்துப்போகாத 11 நிபுணர்களைத் தனித்தனியாகக் கேட்டார்கள். கடந்த நூறாண்டில் நாட்டுக்குள் நடந்த ஆயுத மோதல் அபாயத்தில் 3 முதல் 20 சதவீதம் வரை பருவநிலையின் தாக்கம் இருந்திருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. ஏழ்மை, அரசின் பலவீனம், குழுக்களுக்கு இடையேயான ஏற்றத்தாழ்வு, பழைய சண்டையின் தழும்பு ஆகியவை அதை விடப் பெரிய காரணங்கள் என்றார்கள். வெப்பம் கூடக்கூட பருவநிலையின் பங்கும் வளரும் என்பதிலும் ஒத்துப்போனார்கள்.

இன்னொன்றையும் மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்வேன். ஏற்கெனவே சண்டை நடக்கும் இடங்களையும், ஆங்கிலத்தில் தகவல் கிடைக்கும் இடங்களையும்தான் இந்த ஆய்வாளர்கள் அதிகம் பார்க்கிறார்கள் என்று 2018ல் ஒரு கட்டுரை காட்டியது. வறட்சி வந்தும் சண்டை போடாத ஊர்கள் கணக்கிலேயே வருவதில்லை. சண்டை வராமல் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை அல்லவா நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்?

போருக்குக் காரணமாக இல்லை, சரி. போரில் தண்ணீரை ஆயுதமாக்குகிறார்களே?

அது கூடிக்கொண்டே போகிறது. கலிபோர்னியாவில் பசிபிக் இன்ஸ்டிடியூட் தண்ணீர் தொடர்பான வன்முறைகளைப் பட்டியலிடுகிறது. தண்ணீர் காரணமா, ஆயுதமா, இலக்கா என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். 2022க்கு 231, 2023க்கு 347 என்று அறிவித்தார்கள். 2023 ஜூன் 6 அன்று உக்ரைனில் ககோவ்கா அணை உடைக்கப்பட்டு ஊர்கள் மூழ்கின. குடிநீர் அமைப்புகளைத் தாக்கக் கூடாது என்று ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977 கூடுதல் நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது. சட்டம் இருக்கிறது. மேட்டூர் அணையின் பதினாறு கண் மதகுக்குக் கீழே வீடு இருந்த ஒருவனுக்கு ககோவ்கா படங்களைப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

சிந்து நதி ஒப்பந்தம் என்ன ஆனது?

1960 செப்டம்பரில் நேருவும் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானும் கராச்சியில் கையெழுத்திட்டார்கள். உலக வங்கி நடுவில் நின்றது. ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு, சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. 1965, 1971, 1999 சண்டைகளையும் அது தாண்டி வந்தது. அதனால் பாடம் நடத்தும்போது நான் முதலில் சொல்லும் உதாரணம் அதுவாகவே இருந்தது. பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், 2025 ஏப்ரல் 23 அன்று, இந்தியா ஒப்பந்தத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. ஒரு நாடு தனியாக விலகுவதற்கு அந்த ஒப்பந்தத்தில் வழி எழுதப்படவில்லை. மாற்ற வேண்டுமென்றால் இருவரும் சேர்ந்து புதிய ஒப்பந்தம் போட வேண்டும். மக்கள்தொகையும் பனியாறுகளும் மாறிய இந்த அறுபத்தைந்து வருடத்தில் அது நடக்கவே இல்லை. அதுவே அதன் பலவீனம் என்று நான் கருதுகிறேன். பாட உதாரணத்தை இப்போது கேள்விக்குறியோடுதான் சொல்லித் தருகிறேன்.

அரசுகள் பேசாதபோது நம்மைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும்?

2003ல் சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தின் பேராசிரியர் ஜனகராஜன் முன்னின்று உதவ, தமிழ்நாட்டு, கர்நாடக விவசாயிகள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். அதற்குக் 'காவிரிக் குடும்பம்' என்று பெயர். இவர்கள் அங்கே போய் வயலைப் பார்த்தார்கள், அவர்கள் இங்கே வந்து டெல்டாவைப் பார்த்தார்கள். தீர்ப்பை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, பங்கும் மாறவில்லை. ஆனால் எதிர்ப் பக்கத்து விவசாயியின் வறட்சி எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தவர்கள் இரண்டு மாநிலத்திலும் உருவானார்கள். இப்படிப்பட்ட சந்திப்புகளுக்கு ஆய்வுலகத்தில் 'இரண்டாம் தட ராஜதந்திரம்' என்று பெயர்.

நானும் படிக்க ஆசைப்படுகிறேன். சேலத்திலிருந்து எங்கே தொடங்குவது?

கணினியும் இணையமும் இருந்தால் போதும். உப்சாலாவின் மோதல் தரவும் ஓரிகனின் ஆற்றுத் தரவும் காசில்லாமல் கிடைக்கின்றன. கூகுள் ஸ்காலரில் கட்டுரைத் தலைப்பைப் போட்டால் பல சமயம் ஆசிரியரே போட்டு வைத்த பிரதி கிடைத்துவிடும். கட்டுரையை முதலிலிருந்து படிக்காதீர்கள். என்ன எண்ணினார்கள், எதை எண்ணவில்லை என்ற பகுதிக்கு நேராகப் போங்கள்.

சொந்தமாக ஒன்று செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு, எங்கள் மாடியில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் திருமணிமுத்தாறும் சரபங்காவும் நிரப்பும் ஏரிகளில், யாருக்கும் யாருக்கும் எப்போது தகராறு வந்தது, யார் தீர்த்து வைத்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வருகிறோம். ஆட்களின் பெயரை எழுதுவதில்லை. கழித்தல் 7 முதல் கூட்டல் 7 வரையிலான அந்த அளவுகோலையே கொஞ்சம் மாற்றி வைத்திருக்கிறோம். மதகை உடைத்தால் கழித்தல் 5, சேர்ந்து தூர்வாரினால் கூட்டல் 4. சண்டை வராத வருடங்களையும் தவறாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன். கன்னங்குறிச்சி மூக்கனேரிப் பக்கத்திலிருந்து முதல் நோட்டு நிரம்பி வந்திருக்கிறது. பனமரத்துப்பட்டிப் பக்கம் போய்க் கேட்க ஆள் தேவை.